பரணில் கிடந்த 486 கணினி, பச்சை பூத்த மதர்போட்: கரண்ட் குடுக்கலாமா?

கொக்குவில்பெடியன் | வியாழன் இரவு 8.15

அண்ணைமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். இங்கே முதல் தரம் எழுதுகிறேன்.

அப்பா முந்திக் கொக்குவிலில் சின்ன அச்சகம் வைத்திருந்தவர். ஈய எழுத்துக் கோர்த்து அடித்த ஆள். 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்த கையோடு கொழும்பிலிருந்து லொறியில் ஒரு பாவித்த 486 எடுப்பித்து, பாமினி என்ற தமிழ் எழுத்துருவும் பேஜ்மேக்கர் என்ற பக்கம் வடிவமைக்கிற மென்பொருளும் என்று மாறினவர். கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டி என்ற செத்தவீட்டுக் கிரியைக்குக் குடுக்கிற நினைவு மலர் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் செய்தவர். 2006இல் பாதை திரும்பப் பூட்டுப்பட, பேப்பரும் இல்லை மையும் இல்லை, அச்சகம் மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. பெட்டியும் பரணுக்குப் போனது.

போன கிழமை ஓடு மாற்ற ஆட்கள் வந்தபோது இறக்கினோம். மூடியைக் கழற்றினால் ஒரு பல்லி காய்ந்து கருவாடாய்க் கிடக்கிறது, பவர் சப்ளை விசிறிக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது, மதர்போட்டில் கீபோட் குத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் நீலப் பீப்பா மாதிரி ஒரு சாமான், அதைச் சுற்றிப் பச்சைப் பச்சையாய் ஏதோ பூத்திருக்கிறது. மற்றப்படி பார்க்க வடிவாய்த்தான் இருக்கிறது. ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் 26 பிளொப்பியும் இருக்கின்றன.

சும்மா ஒருக்கால் கரண்ட் குடுத்துப் பார்க்கலாமா? அப்பா "இரும்புக்காரனுக்குப் போடு" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை.


பழையசோல்டர் | வியாழன் இரவு 8.40

குடுக்க வேண்டாம் தம்பி. வயரைச் சுவரில் குத்தவே வேண்டாம். "சும்மா ஒருக்கால்" என்று போட்டுத்தான் கனபேர் நல்ல போட்டைக் கரியாக்கினவர்கள்.

அந்த நீலப் பீப்பா நிக்கல் கட்மியம் பற்றரி, 3.6 வோல்ற். நேரத்தையும் ஹாட் டிஸ்க் விபரத்தையும் நினைவில் வைத்திருப்பதற்காகப் பூட்டினது. வருசக்கணக்கில் கிடந்தால் கசியும். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஐதரொக்சைட்டு, அதாவது காரம். அது செப்புத் தடத்தை அரித்துக்கொண்டு பச்சைப் பூச்சுக்குக் கீழாலேயே போகும், மேலால் பார்த்தால் தெரியாது. உம்முடைய பற்றரி கீபோட் குத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் என்பதால் முதலில் சாவது கீபோட் பக்கத்துத் தடங்களாய்த்தான் இருக்கும்.

இன்றிரவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: பற்றரியின் இரண்டு காலையும் கட்டரால் வெட்டி எடுத்து வெளியே போடும். சோல்டர் அயன் இல்லையே என்று நாளைக்குத் தள்ளிவைக்க வேண்டாம். அது கிடக்கிற ஒவ்வொரு நாளும் தின்றுகொண்டுதான் இருக்கும். கையுறை போடும், கண்ணைத் தேய்க்க வேண்டாம்.

மிச்சம் பிறகு.


எமுலேற்றர்போதும் | வியாழன் இரவு 9.05

ஒரு கேள்வி கேட்கலாமா, யாரும் கோபிக்கக் கூடாது. இப்ப இருக்கிற எந்த லப்டொப்பிலும் 86பொக்ஸ் என்ற எமுலேற்றர், அதாவது பழைய கணினி மாதிரியே நடிக்கிற மென்பொருள், போட்டால் முழு 486உம் அதுக்குள் ஓடும். டொஸ் 6.22, விண்டோஸ் 3.11, சத்தம், படம் எல்லாம் சரியாய் வரும். குளவிக்கூடும் இல்லை, விசமும் இல்லை. ஏன் இந்த வேலை?


பழையசோல்டர் | வியாழன் இரவு 9.20

எமுலேற்றர் பூஞ்சணம் பிடித்த பிளொப்பியை வாசிக்குமோ?


எமுலேற்றர்போதும் | வியாழன் இரவு 9.22

அது வேறு கதை.


பழையசோல்டர் | வியாழன் இரவு 9.31

அதுதான் கதை.


வாடைக்காற்று | வியாழன் இரவு 10.10

பருத்தித்துறையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் ஒரு 286, ஒரு 386, இரண்டு பென்ரியம் 3 ஓடுகிற நிலையில் இருக்கின்றன, கடலுக்குக் கால் மைல். உப்புக்காற்று என்ன செய்யும் என்று என்னைக் கேளுங்கள். மதர்போட்டில் குத்துகிற ஐஎஸ்ஏ கார்ட்டின் பொன் பூசின விளிம்பு பெரிதாய்ப் பழுதாவதில்லை, ஆனால் கேஸின் உள்பக்கத் தகரம், ஆணி, பவர் சப்ளைக் கூடு எல்லாம் ஒரு மாரியோடு துருப்பிடிக்கும்.

தம்பி, பவர் சப்ளையைப் பற்றி நான் சொல்கிறேன். ஒன்று, பின்பக்கம் சிவப்பாய்ச் சின்ன சுவிட்ச் இருந்தால் 230 என்று தெரிகிறதோ என்று பாரும். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சொந்தக்காரர் கட்டி அனுப்பின பெட்டிகள் 115இல் நிற்கும், நாங்கள் 230ஐக் குடுத்தவுடன் பட்டாசு. இரண்டு, முன்பக்கத்து ஓன் ஓஃப் பொத்தானுக்குப் போகிற தடித்த வயரில் ஓடுவது நேரே வீட்டுக் கரண்ட், இப்போதைய கணினிப் பொத்தான் மாதிரி 5 வோல்ற் இல்லை. பொத்தானைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வயரைத் தொட்டால் அந்தியேட்டி மலர் உமக்கே அடிக்க வேண்டி வரும். மூன்று, மதர்போட்டுக்குப் போகிற இரண்டு குத்தி, பி8, பி9. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மாறிக் குத்தினாலும் உள்ளே போகும், ஆனால் மாறிக் குத்தினால் போட் முடிந்தது. விதி ஒன்றுதான்: கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றுக்கொன்று முட்ட வேண்டும். கறுப்போடு கறுப்பு. இதை நான் கேஸின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன், எத்தனை வருசப் பழக்கம் இருந்தாலும் இரவு ஒரு மணிக்கு மூளை வேலை செய்யாது.


கொக்குவில்பெடியன் | சனி மத்தியானம் 12.50

பற்றரியை வெட்டியாகிவிட்டது. குளவிக்கூட்டைக் குச்சியால் சுரண்டி எடுத்தேன், பல்லிக்கு மரியாதையோடு அடக்கம் செய்தேன். பச்சை பூத்த இடத்துக்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பூசி ஊற வைத்திருக்கிறேன். எவ்வளவு நேரம் விட வேண்டும்?


பழையசோல்டர் | சனி மத்தியானம் 1.02

ஐயோ தம்பி. கழுவும், இப்பவே கழுவும்.

அப்பச்சோடா கார், மோட்டார் சைக்கிள், யூபிஎஸ் பற்றரிக்கு. அதுக்குள் இருப்பது அமிலம், அமிலத்துக்குச் சோடா சரி. உம்முடையது காரம் என்று முந்தநாள் எழுதினேனே. காரத்துக்கு மேலே காரத்தைப் பூசி ஊற வைத்திருக்கிறீர். வினாகிரி அல்லது தேசிப்புளி வேண்டும். வீட்டில் தேசிக்காய் கிடக்கும்தானே, பிழிந்து துணியால் வடித்து, பழைய பல்துலக்குகிற பிரஷ்ஷால் பூசும். நுரைத்து வரும், நுரை நின்றால் மறுபடி பூசும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரால் கழுவும், கார் பற்றரிக்கு விடுகிற தண்ணீர் எந்தப் பெற்றோல் செட்டிலும் கிடைக்கும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், எங்களுடைய கிணற்றில் சுண்ணாம்பு, காய்ந்தால் வெள்ளையாய்ப் படியும்.

கடைசியாய் ஐசோபுரொப்பைல் அல்ககோல். மருந்துக்கடைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை வாங்கி ஊற்ற வேண்டாம், அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கிற வகை உண்டு, தோலுக்கு நல்லது, போட்டுக்கு நாசம்.


வாடைக்காற்று | சனி மத்தியானம் 1.30

பெடியன் பாவம், அதட்டாதேயுங்கோ அண்ணை. நானும் முதல் 286க்கு இதே பிழைதான் விட்டேன்.

வினாகிரிதான் என் கட்சி. தேசிப்புளியில் சீனியும் சக்கையும் உண்டு, சரியாய்க் கழுவாவிட்டால் எறும்பு வரும். சிரிக்க வேண்டாம், உண்மையாய் வந்தது, ராம் குத்துகிற இடுக்கில் வரிசையாய்.


குளிர்தேசத்தான் | சனி மாலை 6.45

ரொறன்ரோவிலிருந்து. பற்றரி என்றவுடன் பழைய ஞாபகம். 90களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடை என்று பற்றரி ஊருக்குள் வர விடவில்லை. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோக் கரண்டில் ரேடியோச் செய்தி கேட்டோம். நான் சுற்றுவேன், ஐயா கேட்பார், சுற்றுவது மெதுவானால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் மங்கும், அடி விழும். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, ஸ்ராட் பண்ண மட்டும் பெற்றோல் ஒரு சொட்டு. அப்ப ஒரு பற்றரி கிடைக்காதா என்று இருந்தது, இப்ப இவருக்குப் பற்றரியாலே பிரச்சினை.

சரி, என் கேள்வி. என்னிடம் இங்கே வாங்கின கொமடோர் 64 கணினி இருக்கிறது, 1980களின் சாமான். அடுத்த ஆடியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது அக்காவின் பிள்ளைக்குக் கொண்டுவரலாம் என்று யோசனை. அங்கே வேலை செய்யுமா?


வாடைக்காற்று | சனி இரவு 7.20

செய்யும், ஆனால் மூன்று கரைச்சல். உங்களுடையது 120 வோல்ற், 60 ஹேட்ஸ், படம் என்ரிஎஸ்சி என்ற ரிவி முறை. இங்கே 230, 50, ரிவி முறை பால் (PAL). குறைக்கிற ரான்ஸ்ஃபோமர் போட்டால் வோல்ற் சரிவரும், 50 ஹேட்ஸ் 50ஆய்த்தான் இருக்கும். அந்தக் கணினியின் பவர் சப்ளை 5 வோல்ற் டிசியோடு 9 வோல்ற் ஏசியும் குடுக்கிறது, உள்ளே இருக்கிற நேரச் சிப் அந்த ஏசியின் துடிப்பை எண்ணித்தான் மணி பார்க்கும். 60 என்று நினைத்துக்கொண்டு 50ஐ எண்ணினால் ஒரு மணித்தியாலம் போனபோது 50 நிமிசம் என்று காட்டும். விளையாட்டுக்குப் பெரிதாய்ப் பாதகமில்லை. ரிவியில் படம் கறுப்பு வெள்ளையாய் வரலாம், புதுசு என்றால் பெரும்பாலும் இரண்டு முறையும் தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியம்: அந்த மூடி ஒட்டின பழைய பவர் சப்ளையைக் கொண்டுவரவே வேண்டாம். வயது போனால் 5 வோல்ற் பக்கம் ஏறத் தொடங்கும், ஏறினால் ராம் சிப்புகள் ஒவ்வொன்றாய்ப் போகும். புதிதாய்ச் செய்து விற்கிறார்கள், அதை வாங்குங்கள். உள்ளே இருக்கிற சத்தச் சிப் திரும்பத் தயாரிக்கப்படுவதில்லை, அதைக் காப்பாற்றினால் போதும்.


நூலகப்பூச்சி | சனி இரவு 9.00

தம்பி, பிளொப்பி பற்றி யாரும் கதைக்கவில்லை, எனக்கு அதுதான் கவலை. நான் பழைய மலர்களை ஸ்கான் பண்ணுகிற வேலையில் இருக்கிறேன். தயவுசெய்து ஒரு பிளொப்பியையும் டிரைவுக்குள் போட்டுப் பார்க்க வேண்டாம்.

முதலில் தகர மூடியைத் தள்ளி, உள்ளே கறுப்புத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாரும். வெள்ளைப் புள்ளி, சிலந்தி வலை மாதிரிக் கோடு தெரிந்தால் பூஞ்சணம். எங்களுடைய மாரியில் பூட்டின ரின்னுக்குள்ளும் வரும். அப்படியே டிரைவில் போட்டால் ஹெட் அதைச் சுரண்டும், அந்தப் பிளொப்பியும் போகும், அழுக்கு ஏறின ஹெட் அடுத்ததையும் கீறும். ஒரு பூஞ்சணப் பிளொப்பி நாலு நல்லதைக் கொல்லும்.

பூஞ்சணம் உள்ளதை ஒதுக்கும். பிளாஸ்ரிக் ஓட்டைப் பிளந்து தட்டை எடுத்து, மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, வடித்த தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டு, வேறு ஒரு சுத்தமான பிளொப்பியின் ஓட்டுக்குள் மாற்ற வேண்டும். தட்டைப் பிடித்தால் நடுத் தகரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். நான் செய்யும்போது மேசை விசிறியைக்கூட நிறுத்தி வைப்பேன்.

அதற்குப் பிறகும் கோப்பாய்க் கொப்பி பண்ண வேண்டாம், முழுத் தட்டையும் இமேஜாய், அதாவது அச்சொட்டான ஒரு நகலாய் எடுக்க வேண்டும். கிரீஸ்வீசில் என்று ஒரு சின்ன போட் இருக்கிறது, சாதாரண பிளொப்பி டிரைவை யூஎஸ்பியில் பூட்டிக் காந்தத் துடிப்பை அப்படியே பதிவு செய்யும். வாசிக்க முடியாத செக்ரரைப் பிறகு இருந்து ஆராயலாம். என்னிடம் ஒன்று இருக்கிறது, திருநெல்வேலிப் பக்கம் வந்தால் தருவேன்.


எமுலேற்றர்போதும் | சனி இரவு 9.25

பார்த்தீர்களா, அக்கா சொல்வதும் என் வழிதான். இமேஜ் எடு, எமுலேற்றரில் திற, முடிந்தது. 486 எதற்கு?


நூலகப்பூச்சி | சனி இரவு 10.15

பாதி சரி. திறப்பது எமுலேற்றரில் திறக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் எதைப் போட்டுத் திறப்பீர்கள்? 2003இல் செய்த மலர் பேஜ்மேக்கர் 5இல் இருக்கும். அதற்குப் பிறகு வந்த இன்டிசைன் பேஜ்மேக்கர் 6க்குக் கீழ்ப்பட்டதை நேரே எடுக்காது. இடையில் 6.5 அல்லது 7இல் திறந்து சேமித்துத்தான் மேலே ஏற்ற வேண்டும், அதுவும் சிஎஸ்6 வரையான பழைய இன்டிசைனில்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் பாமினி. அந்தக் கோப்புக்குள் தமிழே இல்லை. "தமிழ்" என்று திரையில் தெரிகிற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. யூனிகோட்டுக்கு மாற்றுகிற கருவிகள் இருக்கின்றன, ஆனால் நினைவு மலரில் மகன் லண்டன், மருமகள் பரிஸ் என்று விலாசம் ஆங்கிலத்தில் இருக்கும், மாற்றி அதையும் பாமினி என்று நினைத்து வாயில் நுழையாத ஒரு தமிழாக்கும். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் நிற்கிறது என்பது பேஜ்மேக்கருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே அந்த அச்சகத்தில் என்ன எழுத்துருக்கள், எந்தப் பதிப்பு பாமினி, எந்த அலங்கார எழுத்து என்பதெல்லாம் தேவை. அது முழுக்க இருக்கிற ஒரே இடம் அந்த 486இன் ஹாட் டிஸ்க். ஒரே பெயரில் கொஞ்சம் வேறுபட்ட எழுத்துருக் கோப்புகள் ஊருக்குள் உலாவின காலம் அது.

அதோடு, நினைவு மலரைச் சாதாரணமாய் நினைக்க வேண்டாம். வம்சாவழி, ஊர், குறிச்சி, படித்த பள்ளிக்கூடம், எந்த வருசம் மலாயாவுக்குப் போனவர், எல்லாம் அதில்தான் இருக்கும். நூலகம் நிறுவனம் 2005 தொடக்கம் இவற்றையும் சேர்த்து இணையத்தில் வைத்துக்கொண்டு வருகிறது. அச்சடித்த 200 பிரதியில் மிஞ்சினது எத்தனை என்று யாருக்குத் தெரியும்? பிளொப்பியில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.


எமுலேற்றர்போதும் | சனி இரவு 10.40

சரி அக்கா, ஹாட் டிஸ்க் வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது முடிந்த பிறகும் இந்த அண்ணைமார் பெட்டியை எறியப் போவதில்லை, அதையும் எழுதி வையுங்கோ.


பழையசோல்டர் | ஞாயிறு காலை 6.30

உண்மையைச் சொன்னால் பிளொப்பி ஒரு சாட்டு. நான் 1980களில் கொழும்பில் மெக்கானிக்காய் இருந்தபோது ஐபிஎம் எக்ஸ்ரி கணினி ஒன்றின் விலைக்கு ஊரில் காணி வாங்கலாம் என்று கதைப்போம். கையுறை போட்டுத்தான் தொட விடுவார்கள். இப்ப அது என் மேசையில், என் சொத்து, நானே கழற்றிப் பூட்டுகிறேன். பிரயோசனம் என்ன என்று மனுசி கேட்கிறாள், ஒன்றும் இல்லைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒஸ்ரின் கார் வைத்துத் துடைக்கிறார், அவரை யாரும் கேட்பதில்லை.

தம்பி, பவர் சப்ளையைத் திறந்து பார்த்தீரா? உள்ளே கரண்ட் வருகிற வாயில் மஞ்சளாய், கண்ணாடி மாதிரி ஊடுதெரிகிற ஒரு சதுரக் கப்பாசிற்றர் இருக்கிறதா? மேலே வெடிப்புக் கோடு தெரிந்தால் மாற்றும். கடதாசி வகை, வெடிப்பால் ஈரம் இழுத்து வைத்திருக்கும், கரண்ட் போட்டுக் கொஞ்ச நேரத்தில் படார் என்று வீடு முழுக்கப் புகை. பெரிய ஆபத்தில்லை, நாற்றம் மூன்று நாள் போகாது.

சோதிக்கும்போது போட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதியும். ஆனால் இந்த வகைச் சப்ளை பாரம் இல்லாமல் சரியாய் ஓடாது. 5 வோல்ற் சிவப்பு வயருக்கும் கறுப்புக்கும் நடுவில் மோட்டார் சைக்கிள் பிறேக் லைற் பல்ப் ஒன்றைக் கட்டும். மங்கலாய் எரியும், அது போதும். பிறகு மல்ரிமீற்றர் வைத்து 5, 12, கழித்தல் 5, கழித்தல் 12 நாலையும் எழுதி அனுப்பும்.


கொக்குவில்பெடியன் | ஞாயிறு இரவு 9.50

நீண்ட பதிவு, மன்னிக்கவும், இன்றைக்கு முழுக்க இதுதான்.

மஞ்சள் கப்பாசிற்றர் இருந்தது, மூலையில் தலைமயிர் மாதிரிக் கோடு. பழைய ரிவிப் போட் ஒன்றிலிருந்து அதே வகை, எக்ஸ்2 என்று அடித்தது எடுத்துப் போட்டேன். பல்ப் கட்டிப் போட்டேன், எரிந்தது. 5.06, 11.9, கழித்தல் 5.1, கழித்தல் 12.2. வினாகிரி மூன்று தரம், தண்ணீர், அல்ககோல், மொட்டை மாடியில் மத்தியான வெயிலில் இரண்டு மணித்தியாலம் காய வைத்தேன்.

கறுப்போடு கறுப்பு வைத்துக் குத்தி, கும்பிட்டுக்கொண்டு பொத்தானை அமத்தினேன். திரையில் ஒன்றும் இல்லை. பீப் பீப் என்று அடித்தது. அப்பா உள்ளே இருந்து "என்னடா அடிக்குது" என்றார். எண்ணினேன், ஆறு தரம்.


பழையசோல்டர் | ஞாயிறு இரவு 9.58

கணினியை முதலில் எழுப்புகிற பயோஸ் சிப்பில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது? ஏஎம்ஐயா?


கொக்குவில்பெடியன் | ஞாயிறு இரவு 10.01

ஓம், ஏஎம்ஐ.


பழையசோல்டர் | ஞாயிறு இரவு 10.12

அப்ப நல்ல செய்தி. ஏஎம்ஐயில் ஆறு பீப் என்றால் கீபோட் கொன்ட்ரோலர், 8042 வகைச் சிப், நினைவகத்தின் மேல்பகுதிக்கு வழி விடுகிற ஏ20 வாசல் வேலை செய்யவில்லை. அதாவது சிபியு உயிரோடு இருக்கிறது, ராம் இருக்கிறது, நான் வியாழக்கிழமை சொன்ன இடத்தில்தான் சாவு. அந்த 40 கால் சிப் குத்தியில் இருந்தால் கழற்றிக் காலைத் துடைத்துத் திரும்பப் பூட்டும். பிறகு பற்றரி இருந்த இடத்தைச் சுற்றி ஒவ்வொரு தடத்தையும் மல்ரிமீற்றரின் சத்தப் பக்கத்தில் வைத்து இந்த முனை அந்த முனை தொட்டுப் பாரும். சத்தம் வராத தடம் வெட்டுப்பட்டது. நெற்வேர்க் கேபிளுக்குள் இருக்கிற ஒற்றைக் கம்பி ஒன்றை உரித்து இரண்டு முனைக்கும் ஒட்டும். அவசரம் வேண்டாம், லூப் கண்ணாடி இருந்தால் நல்லது, நகைக்கடைக்காரரிடம் கேட்டால் இரவலாய்த் தருவார்கள்.


வாடைக்காற்று | திங்கள் காலை 7.05

ஒட்டின பிறகு பற்றரிக்கு என்ன செய்வது என்று கேட்க முன்னமே சொல்லி வைக்கிறேன். திரும்ப அதே நீலப் பீப்பாவைப் போட வேண்டாம். போட்டில் நாலு முள்ளு வெளிப் பற்றரிக் குத்தி இருக்கும், அதற்கு மூன்று ஏஏ பற்றரிக் கூடு ஒன்றை நீள வயரில் கட்டிக் கேஸுக்கு வெளியே தொங்கவிடும், கசிந்தாலும் வெளியே கசியட்டும். காசுப் பற்றரி 2032 போடுகிற எண்ணம் என்றால் கரண்டை ஒரு பக்கம் மட்டும் போக விடுகிற டயோட் ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனென்றால் போட் அந்த இடத்துக்குச் சார்ஜ் அனுப்பும், லித்தியத்தைச் சார்ஜ் பண்ணினால் வெடிக்கும். சாதாரண டயோட் 0.6, 0.7 வோல்ற் விழுங்கிவிடும், 3 வோல்ற்றில் மிச்சம் போதாமல் நேரம் மறக்கும். ஷொட்கி என்று கேட்டு வாங்கும், அது 0.3 அளவுதான் எடுக்கும்.

இடி மின்னல் காலம் வருகிறது. ஐப்பசி தொடங்கினால் பாவிக்காத நேரம் குத்தியைக் கழற்றி வைக்க வேண்டும், சுவிட்சை ஓஃப் பண்ணினால் காணாது.


வெளுத்தபெட்டி | திங்கள் காலை 10.30

நடுவில் ஒன்று: கேஸ் மஞ்சளாய்ப் போயிருந்தால் எறியாதேயும், பெயின்ற் அடிக்கவும் வேண்டாம். பிளாஸ்ரிக்கில் நெருப்புப் பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமினால் வருகிற மஞ்சள் என்று சொல்வார்கள். சலூனில் தலைமயிர் வெளிறப் பண்ணுகிற 12 வீத ஐதரசன் பெரொக்சைட்டுக் கிரீமைப் பூசி, பொலித்தீனால் சுற்றி, வெயிலில் வைத்து அடிக்கடி திருப்ப வேண்டும். வெளிநாட்டுக்காரர் இதற்கு யூவி லைற் வாங்குகிறார்கள். எங்களுக்குச் சித்திரை வெயில் சும்மா கிடைக்கிறது. கிரீம் ஒரு இடத்தில் தடிப்பாய் ஒரு இடத்தில் மெல்லிசாய் நின்றால் மாட்டுக்குச் சொறி பிடித்த மாதிரி வரும், அனுபவம்.


கொக்குவில்பெடியன் | புதன் இரவு 11.20

வந்துவிட்டது!!

இரண்டு தடம் வெட்டுப்பட்டிருந்தது. ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை, பச்சைப் பூச்சு முழுசாய் இருந்தது, கீழே செம்பு இல்லை. ஒட்டிப் போட்டேன், ஒரு பீப், திரையில் ராம் எண்ணத் தொடங்கியது, 8 எம்பி. பிறகு செக்சம் பிழை, எஃப்1 அமத்து என்றது. திகதி 1980 தை 1.

ஹாட் டிஸ்க்கைத் தெரியாது என்றது. லேபிளில் 989 சிலிண்டர், 15 ஹெட், 56 செக்ரர் என்று இருந்தது. பெருக்கி, ஒரு செக்ரருக்கு 512 பைட் என்று அதாலும் பெருக்கினால் 425 எம்பி, சரி. உடனே போடச் சொல்லிக் கை துருதுருத்தது, ஆனால் வாடைக்காற்று அண்ணை தனியாய்ச் செய்தி போட்டு "இமேஜ் எடுக்காமல் தொட்டால் கதைக்க மாட்டேன்" என்றதால் பஸ் ஏறிப் பருத்தித்துறைக்குப் போனேன்.


வாடைக்காற்று | புதன் இரவு 11.45

அதைச் சொல்ல வேண்டும், கன பேருக்கு உதவும். 2000 ரூபா யூஎஸ்பி அடப்ரரில் இந்த டிஸ்க்கைக் குத்தினோம், அடையாளமே காணவில்லை. தம்பியின் முகம் செத்துப் போனது. டிஸ்க்கில் பிழையில்லை. இந்த வயதுச் சில டிஸ்க்குகளுக்கு எல்பிஏ என்ற இலக்கமுறை தெரியாது, சிலிண்டர் ஹெட் செக்ரர் என்று சொன்னால்தான் விளங்கும், அடப்ரருக்கு அந்தப் பாசை தெரியாது. பென்ரியம் 3இல் நேரே ஐடிஈ வயரில் பூட்டி, லினக்ஸில் பழுதான டிஸ்க்கையும் நகல் எடுக்கிற டிடிரெஸ்கியூ போட்டோம். ரீ குடித்து முடிக்க முந்தி முடிந்தது. நாலு செக்ரர் மட்டும் வாசிக்கவில்லை. இமேஜ் மூன்று இடத்தில் இருக்கிறது.


எமுலேற்றர்போதும் | வியாழன் காலை 8.00

இமேஜை எனக்கும் அனுப்ப முடியுமா தம்பி? 86பொக்ஸில் அதே போட், அதே 8 எம்பி வைத்து எழுப்பித் தருகிறேன். அக்காவுக்கு வேலை செய்ய அது வசதியாய் இருக்கும். பெட்டியைப் பற்றி இனி ஒன்றும் சொல்ல மாட்டேன்.


நூலகப்பூச்சி | சனி மாலை 5.10

பிளொப்பிக் கணக்கு: 26இல் 17 ஒரு பிழையும் இல்லாமல் வந்தன. ஆறு பூஞ்சணம், கழுவினதில் நாலு முழுசாய் வந்தன, இரண்டில் வெளி ஓரத்துத் தடங்கள் போய்விட்டன. கோப்பு அட்டவணை இருப்பது அந்தப் பக்கம் என்பதால் பெயர்கள் இல்லை, உள்ளடக்கம் துண்டு துண்டாய் இருக்கிறது, பார்ப்போம். மிச்சம் மூன்றில் இரண்டு வெறும் விளையாட்டு, ஒன்று பிறின்ரர் டிரைவர். நினைவு மலர் மட்டும் 43. எமுலேற்றர்த் தம்பி எழுப்பித் தந்ததில் எழுத்துருவெல்லாம் சரியாய் நிற்கிறது, நன்றி.


கொக்குவில்பெடியன் | ஞாயிறு இரவு 8.30

டிஸ்க்கைத் திரும்பப் பெட்டியில் பூட்டி மேசையில் வைத்தேன். விண்டோஸ் 3.11 வந்தது. பேஜ்மேக்கர் திறக்க, நான் கணக்குப் பார்த்தேன், 40 செக்கன். அப்பா கதவடியில் நின்றவர், இரும்புக்காரனைப் பற்றி இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மலரைத் திறந்தேன், 2004. சங்கானைப் பக்கத்து வாத்தியார் ஒருவருடையது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து என்னை எழுப்பிவிட்டு இருந்தார். "நாலாம் பக்கம் போ" என்று தனக்குத்தானே சொன்னார், போனார். "இதில ஒரு ஒற்றுப் பிழை. அடிச்சு முடிச்சு கட்டின பிறகுதான் கண்டனான். வாத்தியாற்ற மலரில ஒற்றுப் பிழை" என்றார். பேரப்பிள்ளைகளின் பெயர் வரிசைக்கு மேலே ஒரு வரியில் ஒரு 'க்' இல்லை. கீபோட்டைப் பார்க்காமலே எஃப்பும் அரைப்புள்ளியும் அடித்துப் போட்டார். கன்ரோல் எஸ். டிஸ்க் கடகடத்தது. பிறகு எழும்பிப் போய் ரிவி பார்த்தார்.

இப்ப பிறின்ரர் எங்கே என்று கேட்கிறார். அது எப்சன் எல்எக்ஸ் 800, ஒன்பது ஊசி, பரணில்தான் இருக்கிறது, ரிபன் மண்ணாய்ப் போய்விட்டது. யாரிடமாவது ரிபன் கிடக்கிறதா?


நூலகப்பூச்சி | ஞாயிறு இரவு 8.50

தம்பி, அப்பா திருத்தின கோப்புக்கு வேறு பெயர் வைத்தாரா, பழையதுக்கு மேலேயே சேமித்தாரா?


கொக்குவில்பெடியன் | ஞாயிறு இரவு 8.52

மேலேயே.


நூலகப்பூச்சி | ஞாயிறு இரவு 8.53

இமேஜ் மூன்று இடத்தில் இருக்கிறது, பரவாயில்லை. இரண்டையும் வைத்திருப்போம்.


பழையசோல்டர் | ஞாயிறு இரவு 9.15

ரிபன் என்னிடம் இரண்டு இருக்கிறது, காய்ந்ததுதான், முத்திரை மை ஒரு சொட்டுச் சொட்டாய் விட்டு ஒரு நாள் மூடி வைத்தால் ஊறும். பிறின்ரரை இறக்கின உடனே கரண்ட் குடுக்க வேண்டாம், முதலில் மூடியைக் கழற்றிப் படம் எடுத்துப் போடும். அதுக்குள்ளும் பல்லி இருக்கும்.